தி (ஆங்கிலச் சொல்)

ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் சொல் 'தி'. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும். தனியாக நின்றால் எந்தப் பொருளையும் குறிக்காது. 'நான் எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும், தெரியாவிட்டாலும் இந்த வாக்கியத்தை வைத்துக் கண்டுகொள்வாய்' என்று கேட்பவருக்கு உணர்த்துவதுதான் இதன் வேலை. பள்ளிக்கூடத்தில் இதை 'ஆர்ட்டிகிள்' என்று படிக்கிறோம். கிரேக்க இலக்கணக்காரர்கள் தங்கள் மொழியிலிருந்த இத்தகைய சொல்லுக்கு 'மூட்டு' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். அது லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 20-ஆம் நூற்றாண்டு மொழியியல் இதை 'டிட்டர்மினர்' என்னும் பெரிய வகுப்பில் இது, அது, என், சில, ஒவ்வொரு ஆகியவற்றோடு சேர்த்துவிட்டது. அந்தப் பெயரை நிலைநிறுத்தியது அமெரிக்க மொழியியலாளர் லியோனார்ட் புளூம்ஃபீல்ட் 1933-இல் வெளியிட்ட 'லாங்குவேஜ்' என்ற நூல்.

1961-இல் அமெரிக்காவில் அச்சான நூல்கள், நாளிதழ்கள், இதழ்களிலிருந்து சுமார் 10 லட்சம் சொற்களைத் திரட்டி, பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி குசேராவும் நெல்சன் பிரான்சிஸும் கணினியில் ஏற்றினார்கள். அந்தத் திரட்டில் 'தி' 69,971 முறை வருகிறது. நூறு சொல்லுக்கு ஏழு. இரண்டாம் இடத்தில் இருக்கும் 'ஆஃப்' 36,411 முறைதான். இவ்வளவு அடிக்கடி வரும் சொல்லை முழுதாக எழுதிக்கொண்டிருந்தால் கை வலிக்கும். அதனால் ஐசக் பிட்மன் 1837-இல் வெளியிட்ட சுருக்கெழுத்து முறையில் இதற்கு ஒரு மெல்லிய புள்ளி போதும். நம்மூர்ப் பயிலகங்களில் சுருக்கெழுத்துப் படித்தவர்களுக்கு இது பழக்கம்: புள்ளியைக் கோட்டில் வைத்தால் 'தி', கோட்டுக்கு மேலே வைத்தால் 'எ'. ஆங்கில பிரெய்லியிலும் இச்சொல்லின் மூன்று ஆங்கில எழுத்துக்கும் சேர்த்து ஒரே கட்டம்.

பொருள்

'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு இரண்டு பெண்டாட்டி' என்று கதை சொல்லும் பாட்டி, ஆங்கில ஆர்ட்டிகிளின் பாதி இலக்கணத்தைச் சொல்லிவிடுகிறார். முதல்முறை வரும்போது 'ஒரு'. அறிமுகம் ஆனபிறகு 'அந்த'. ஆங்கிலத்தில் முதலாவது 'எ', இரண்டாவது 'தி'. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம். அது தவறும் அல்ல. ஆனால் மீதிப் பாதியில் இந்த வழி கைகொடுப்பதில்லை.

ஒரே கதவுள்ள அறையில் உட்கார்ந்துகொண்டு 'அந்தக் கதவைச் சாத்து' என்றால், கேட்பவர் இன்னொரு கதவு எங்கே என்று தேடுவார். நாம் 'கதவைச் சாத்து' என்போம். ஆங்கிலேயரோ அங்கே 'தி' போட்டே ஆக வேண்டும். சூரியனுக்கும் அப்படியே. 'அந்தச் சூரியன்' என்றால் வேறு சூரியன் ஒன்று இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று இருப்பதனால்தான் சூரியனுக்குத் 'தி' வருகிறது. சுட்டுச்சொல்லுக்கு ஒப்பிட்டுப் பார்க்க மற்றொன்று வேண்டும், 'தி'க்கு வேண்டாம். இதைவிட நுட்பமான வகை ஒன்றும் உண்டு. 'நேற்று ஒரு கல்யாணத்துக்குப் போனேன், மாப்பிள்ளை வர நேரமாகிவிட்டது' என்கிறோம். மாப்பிள்ளை இதற்குமுன் பேச்சில் வரவே இல்லை. கல்யாணம் என்றால் மாப்பிள்ளை உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான். அந்தப் பொது அறிவை நம்பி ஆங்கிலம் மாப்பிள்ளைக்கு நேராகவே 'தி' போடும். மொழியியலாளர் ஜான் ஹாக்கின்ஸ் 1978-இல் எழுதிய நூல் இத்தகைய பயன்பாடுகளை வகைபிரித்துக் காட்டுகிறது.

'முதல்', 'மிக உயரமான' போன்றவற்றோடு 'தி' வருவதற்கும் இதே காரணம்: முதலாவது ஒன்றுதான் இருக்க முடியும். ஒரு புலியைச் சொல்லாமல் புலி இனத்தையே சொல்லவும் 'தி' வரும். 'ஏழை' என்ற பெயரடையின் முன்னால் வந்து ஏழைகள் அனைவரையும் குறிக்கும். இவை தவிர வெறும் வழக்கு என்று ஒத்துக்கொள்ள வேண்டியவை நிறைய. ஆறுகளுக்கு 'தி' உண்டு, ஏரிகளுக்கு இல்லை. பியானோ வாசித்தால் 'தி' வரும், கிரிக்கெட் ஆடினால் வராது. நோயாளி பிரிட்டனில் 'தி' இல்லாத ஆஸ்பத்திரியிலும் அமெரிக்காவில் 'தி' உள்ள ஆஸ்பத்திரியிலும் படுத்திருக்கிறார். தெற்குக் கலிபோர்னியாக்காரர்கள் நெடுஞ்சாலை எண்ணுக்கு முன்னால் 'தி' போடுவார்கள்; அதே மாநிலத்தின் வடக்கே இருப்பவர்கள் போடுவதில்லை, இவர்களைக் கேலியும் செய்வார்கள். எல்லாவற்றுக்கும் விதி சொல்கிறோம் என்று வரும் இலக்கணக் கையேடுகளை நம்பிப் பயனில்லை.

தோற்றம்

ஆங்கிலம், சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஆகியவற்றுக்கெல்லாம் மூலமாகக் கருதப்படும் இந்தோ-ஐரோப்பியத் தாய்மொழியில் ஆர்ட்டிகிள் கிடையாது. ஒரு சுட்டுச்சொல் இருந்தது. விசித்திரமான சொல் அது: ஆண்பால், பெண்பால் எழுவாயில் ஸகரத்தில் தொடங்கும், மற்ற எல்லா வடிவங்களிலும் தகரத்தில் தொடங்கும். வடமொழியில் ஸ:, ஸா, தத் என்று மூன்று பால்களையும் மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்த விசித்திரம் தெரிந்திருக்கும். கிரேக்கத்தில் அது ஹோ, ஹே, டோ. கோதிக் மொழியில் ஸா, ஸோ, தட்டா. பழைய ஆங்கிலத்தில் ஸே, ஸேயோ, தட். இன்றைய ஆங்கிலத்தில் 'அது' என்று பொருள்படும் 'தட்'டும் வடமொழித் 'தத்'தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் போனார்கள். வடமொழியில் அந்தச் சொல் சுட்டாகவே நின்றுவிட்டது. கிரேக்கத்தில் ஹோமர் காவியங்களில் பெரும்பாலும் சுட்டாக இருப்பது, பிறகு முழு ஆர்ட்டிகிள் ஆகிவிட்டது. லத்தீன் ஆர்ட்டிகிள் இல்லாமலே பேரரசு நடத்தியது. முதல் நூற்றாண்டு ஆசிரியர் குயின்டிலியன், எங்கள் மொழிக்கு அது தேவையில்லை என்று எழுதியிருக்கிறார். அவர் எழுதிச் சில நூற்றாண்டுகளிலேயே லத்தீனின் பேச்சுவழக்குகள் 'இல்லே' என்ற சுட்டிலிருந்து புதிதாக ஒன்றைச் செய்துகொண்டன: பிரெஞ்சின் 'ல', ஸ்பானிய 'எல்', இத்தாலிய 'இல்' எல்லாம் அதிலிருந்து வந்தவை. ஸ்காண்டிநேவிய மொழிகள் பெயருக்கு வாலாக ஒட்டிக்கொண்டன. அரபியின் 'அல்', ஹீப்ருவின் 'ஹ' வேறு குடும்பத்தில் தனியே பிறந்தவை. மொழியியலாளர் மாத்யூ டிரையர் 620 மொழிகளை ஒப்பிட்டபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மொழிகளில் 'தி', 'எ' இரண்டுக்கும் இணையாக எதுவும் இல்லை. உலக வழக்கில் 'தி' தவிர்க்க முடியாத ஒன்றல்ல.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் மூன்று பால், ஒருமை பன்மை, ஐந்து வேற்றுமை என்று பிரிந்து, பத்துக்கும் மேற்பட்ட வடிவங்களில் திரிந்தது. பால் என்பது நம் திணை-பால் போலப் பொருளைப் பொறுத்ததல்ல. கல் ஆண்பால், சூரியன் பெண்பால். பெண்ணைக் குறித்த 'வீஃப்', இன்று மனைவி என்று பொருள்படும் 'வைஃப்', அஃறிணைபோல மூன்றாம் பாலில் கிடந்தது. ஒரு பேச்சாளர் கல்லுக்கு ஸே, சூரியனுக்கு ஸேயோ, பெண்ணுக்குத் தட் என்று மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். செயப்படுபொருளானால் ஆண்பாலுக்குத் 'தொனெ' என்று திரிக்க வேண்டும்.

அப்போது இது ஆர்ட்டிகிளா சுட்டா என்று கேட்டால், இரண்டும்தான். உரைநடையில் ஆர்ட்டிகிள் வேலையை அடிக்கடி செய்கிறது. செய்யுளில் பல இடங்களில் அது இல்லாமலே வாக்கியம் நடக்கிறது; 'பேயோவுல்ஃப்' காவியத்தில் இன்றைய ஆங்கிலம் கட்டாயம் 'தி' கேட்கும் இடங்களில் வெறும் பெயர்ச்சொல் நிற்கிறது. லிக்டன்ஹெல்ட் என்ற ஜெர்மானிய அறிஞர் 1873-இல் இதையே காலக்கணிப்புக்கான அளவுகோலாக்கப் பார்த்தார். ஒரு குறிப்பிட்ட வகைப் பெயரடைத் தொடரில் இச்சொல் எவ்வளவு குறைவோ, கவிதை அவ்வளவு பழையது என்பது அவர் கணக்கு. கவிஞர்கள் பழைய நடையை வேண்டுமென்றே பின்பற்றுவார்கள் என்பதால் அந்தக் கணக்கை இன்று தனித்து யாரும் நம்புவதில்லை. ஆனாலும் பயன்பாடு காலப்போக்கில் கூடிக்கொண்டே வந்தது என்ற அடிப்படை சரிதான்.

பிறகு தேய்மானம் தொடங்கியது. சொல்லின் கடைசி அசைகள் அழுத்தம் இழந்து மங்கின. பால் வேறுபாடு கலைந்தது. இந்த மாற்றம் முதலில் தெரிவது வடக்கே, ஸ்காண்டிநேவியர் வந்து குடியேறிய பகுதிகளில். லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்திச் சுவடியின் லத்தீன் வரிகளுக்கு இடையே, 10-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆல்ட்ரெட் என்ற பாதிரியார் ஆங்கிலத்தில் பொருள் எழுதினார். அதில் 'ஸே' இருக்க வேண்டிய இடத்தில் 'தெ' தலைகாட்டுகிறது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. வரிசையில் இரண்டே இரண்டு வடிவங்கள் ஸகரத்தில், மற்றவை எல்லாம் தகர ஒலியில். பெரும்பான்மை சிறுபான்மையைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் 1154 வரை எழுதிய ஆண்டுக் குறிப்புகளின் கடைசிப் பக்கங்களில் பழைய வரிசை ஏறக்குறைய கலைந்துவிட்டது. லிங்கன்ஷயர்ப் பகுதியில் 'ஓர்முலும்' எழுதிய ஓர்ம் என்ற துறவிக்கு, 12-ஆம் நூற்றாண்டின் முடிவையொட்டி, ஒரே திரியாச் சொல்தான். தெற்கே கென்ட் வட்டாரம் மட்டும் பிடிவாதமாக இருந்தது. 1340-இல் அங்கே எழுதப்பட்ட 'அயன்பைட் ஆஃப் இன்விட்' என்ற நூலில்கூடப் பழைய வேற்றுமை வடிவங்கள் உயிரோடு உள்ளன.

இந்தக் கதையில் முக்கியமான திருப்பம் 'தட்'டின் பிரிவினை. மூன்றாம் பாலுக்கு மட்டும் உரியதாக இருந்த 'தட்', பாலே இல்லாமல் போனபோது வேலையற்று நின்றது. அது சேய்மைச் சுட்டு என்ற தனி வேலையை எடுத்துக்கொண்டது. அதாவது, ஒரே சொல்லாக இருந்தது பாகம் பிரித்துக்கொண்டது: சுட்டும் விரல் 'தட்'டுக்குப் போயிற்று, விரலில்லாத மீதி 'தி' ஆயிற்று. பொருளைக் காட்டும் வலுவை இழந்த பிறகுதான், கேட்பவர் நினைவைக் காட்டும் வேலை அதற்கு முழுதாக வாய்த்தது. மொழியியலாளர் ஜோசப் கிரீன்பர்க் 1978-இல் இந்தப் பாதையை உலக மொழிகளுக்குப் பொதுவான ஒரு சுழற்சியாக வரைந்து காட்டினார். சுட்டு தேய்ந்து ஆர்ட்டிகிள் ஆகும். ஆர்ட்டிகிள் மேலும் தேய்ந்து, வரும் இடத்திலெல்லாம் வந்து, கடைசியில் 'இது பெயர்ச்சொல்' என்று காட்டும் வெறும் அடையாளமாக நிற்கும். இந்தப் பாதையில் பிரெஞ்சு ஆங்கிலத்தைவிட முன்னால் போய்விட்டது. 'எ'யின் கதை எளிது: 'ஒன்று' என்ற எண்ணுப்பெயர் தேய்ந்தது, நம் 'ஒரு' போலவே.

பழைய வேற்றுமைகளில் ஒன்று வேறு வேடத்தில் இன்னும் வாழ்கிறது. கூட்டம் கூடக்கூடக் கொண்டாட்டம் என்ற பொருளில் ஆங்கிலேயர் சொல்லும் 'தி மோர் தி மெரியர்' என்ற தொடரில் வரும் இரண்டு 'தி'யும் ஆர்ட்டிகிள் அல்ல. 'அதனால்', 'அவ்வளவுக்கு' என்று பொருள் தந்த பழைய கருவி வேற்றுமை வடிவம் அது. 'நெவர்தலெஸ்' என்ற சொல்லின் நடுவில் இருப்பதும் அதுதான்.

எழுத்தும் ஒலிப்பும்

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் முதல் ஒலிக்குத் 'தோர்ன்' என்ற தனி எழுத்து இருந்தது. லத்தீன் எழுத்துகளுக்கு முன்பே வழங்கிய ரூனிக் வரிவடிவத்திலிருந்து வந்தது. நேர்கோட்டின் நடுவில் வயிறு புடைத்தாற்போல இருக்கும். ஐஸ்லாந்தில் இன்றும் வழக்கில் உள்ளது. 14, 15-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துகளில் அதன் தலை குறுகி, ஆங்கிலத்தின் கடைசிக்கு முந்திய எழுத்தான 'ஒய்' போலத் தெரியத் தொடங்கியது. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். ஐரோப்பியக் கண்டத்து அச்செழுத்துகளில் தோர்ன் கிடையாது. அச்சுக்காரர்கள் இரண்டெழுத்தைச் சேர்த்துக் கோத்தார்கள். வரியில் இடம் போதாதபோது 'ஒய்' போட்டு, மேலே சிறிதாக 'இ' வைத்துச் சமாளித்தார்கள். 1611-ஆம் ஆண்டு ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தின் முதல் பதிப்பிலேயே சில இடங்களில் இதைப் பார்க்கலாம். படித்தவர்கள் எல்லாரும் அதைத் 'தி' என்றே வாசித்தார்கள்.

அந்த அறிவு மறைந்தபின் வந்ததுதான் 'யீ ஓல்ட்' கூத்து. மதுக்கடைகளும் பரிசுப்பொருள் கடைகளும் பழமைக்களை வரவேண்டும் என்று பலகையில் 'ஒய்' போட்டு எழுத, பார்த்தவர்கள் 'யீ' என்றே உச்சரிக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் எந்த நூற்றாண்டிலும் எந்த ஆங்கிலேயரும் ஆர்ட்டிகிளை அப்படிச் சொன்னதில்லை.

தமிழில் 'தி' என்று எழுதுகிறோம். அது பாதி சரி. உயிரொலிக்கு முன்னால்தான் 'தி'. மெய்யொலிக்கு முன்னால் அகரம் மங்கிய 'த'. அழுத்திச் சொல்லும்போது 'தீ' என்று நீளும்: 'அவரேதான், அந்தப் பெரிய மனிதர்தான்' என்ற பொருள் அப்போது வரும். தமிழில் சொல்லின் முதலில் வரும் தகரத்துக்கும் இந்த ஒலிக்கும் தூரம் அதிகம். ஆனால் 'அது', 'இது' என்று சொல்லும்போது நடுவிலிருக்கும் தகரம் நாவில் உரசி வருகிறதே, ஏறக்குறைய அதுவே ஆங்கில ஒலி. பயில்பவர்கள் அதைப் பிடித்துக்கொள்ளலாம். நம் சுட்டிலும் அவர்கள் சுட்டிலும் ஒரே ஒலி இருப்பதைக் கண்டு உறவு கொண்டாட வேண்டியதில்லை, தற்செயல் ஒற்றுமைதான். இங்கிலாந்தின் யார்க்ஷயர், லங்காஷயர் பேச்சில் இந்தச் சொல் வெறும் 'ட்' ஆகிவிடும். சிலர் வாயில் தொண்டையில் ஒரு கணம் மூச்சு நிற்பதோடு சரி.

தர்க்கத்தில்

மெய்யியலாளர்கள் இந்தச் சொல்லின்மேல் நூறாண்டுக்கு மேலாகச் சண்டை போடுகிறார்கள். 1905-இல் 'மைண்ட்' இதழில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் எழுதிய கட்டுரை தொடங்கிவைத்தது. 'பிரான்ஸின் தற்போதைய அரசர் வழுக்கைத் தலையர்' என்று ஒருவர் சொல்கிறார். பிரான்ஸில் அப்போது குடியரசு, அரசர் இல்லை. வாக்கியம் உண்மையா பொய்யா? வழுக்கைத் தலையர் பட்டியலிலும் அவர் இல்லை, முடி உள்ளவர் பட்டியலிலும் இல்லை. ஆங்கிலத்தில் 'தி' போட்டு வரும் அந்தத் தொடர் பெயரே அல்ல, அது மறைந்திருக்கும் கூற்று என்றார் ரஸ்ஸல். அரசர் ஒருவர் இருக்கிறார், ஒருவர்தான் இருக்கிறார், அவர் வழுக்கை என்று மூன்று கூற்றுகள் அந்த வாக்கியத்தில் உள்ளன; முதலாவதே பொய், ஆகவே முழுதும் பொய். முதல் உலகப்போரின்போது எழுதிய ஒரு கட்டுரைக்காக 1918-இல் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் இருந்தபோது அவர் கணித மெய்யியலுக்கு அறிமுக நூல் ஒன்று எழுதினார். அதில் இரண்டு அத்தியாயங்கள் இந்த ஒரு சொல்லுக்கு: ஒன்று ஒருமையில் வரும் 'தி'க்கு, மற்றது பன்மையில் வரும் 'தி'க்கு.

1950-இல் அதே 'மைண்ட்' இதழில் பி. எஃப். ஸ்ட்ராசன் மறுத்தார். அரசர் இருக்கிறார் என்று அந்த மனிதர் சொல்லவில்லை. இருப்பதாக எடுத்துக்கொண்டு பேசுகிறார். எடுத்துக்கொண்டதே இல்லாதபோது உண்மை, பொய் என்ற கேள்வியே எழாது. 1966-இல் கீத் டோனலன் இன்னொரு முடிச்சைப் போட்டார். விருந்தில் ஒருவரைக் காட்டி 'மார்ட்டினி குடிக்கிற அந்த மனிதர் யார்?' என்று கேட்கிறோம். அவர் கோப்பையில் இருப்பது தண்ணீர். ஆனாலும் கேட்பவருக்கு ஆள் யாரென்று புரிந்துவிடுகிறது. ரஸ்ஸல் கணக்குப்படி இது நடக்கக் கூடாது.

சண்டையை விலகி நின்று பார்த்தால், ரஸ்ஸல் வாக்கியத்தைத் தனியாக வைத்துக் கொண்டு பார்த்தார், மற்றவர்கள் பேசுபவரையும் கேட்பவரையும் உள்ளே கொண்டுவந்தார்கள் என்பது தெரியும். இலக்கணக்காரர்கள் இந்த இடத்துக்கு முன்பே வந்திருந்தார்கள். 1939-இல் டேனிஷ் அறிஞர் பால் கிறிஸ்டோஃபர்சன், 'தி'யின் சாரம் ஒன்றே ஒன்று என்பதில்லை, கேட்பவருக்குப் பரிச்சயம் என்பதே என்று எழுதினார். 1982-இல் ஐரீன் ஹைம் தம் ஆய்வேட்டில் அதைக் கணக்காக்கிக் காட்டினார்: 'எ' வரும்போது கேட்பவர் மனதில் புதிய அட்டை ஒன்று திறக்கிறது, 'தி' வரும்போது ஏற்கெனவே உள்ள அட்டை ஒன்றில் செய்தி சேர்கிறது. பாட்டியின் ராஜா கதைக்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

நாடுகளும் தீர்மானமும்

ஊர், நாட்டுப் பெயர்களில் 'தி' பொதுவாக வராது. கூட்டுப் பெயர்களும் (அமெரிக்க ஐக்கிய நாடுகள், நெதர்லாந்து), தீவுக் கூட்டங்களும் (பஹாமாஸ்) விலக்கு. ஆறு, பாலைவனம், மலைத்தொடர் போன்ற நிலப்பகுதியின் பெயரே நாட்டுப் பெயரானால் சில சமயம் 'தி' ஒட்டிக்கொள்ளும். சூடானுக்கும் லெபனானுக்கும் முன்பு அப்படி இருந்து உதிர்ந்தது. காம்பியா மட்டும் அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது. ஆற்றின் பெயரால் அமைந்த அந்த நாடு 1965-இல் விடுதலை பெற்றது. அதற்குச் சில மாதம் முன்பு 1964-இல் ஜாம்பியா பிறந்திருந்தது. இரண்டும் ஆப்பிரிக்காவில், எழுத்தும் ஏறத்தாழ ஒன்று. குழப்பம் வரக்கூடாது என்பதற்காக 'தி காம்பியா' என்பதே அதிகாரப்பூர்வப் பெயராக நீடித்தது. உக்ரைன் நேர்மாறு. சோவியத் காலத்தில் ஆங்கிலேயர் அதற்குத் 'தி' போட்டுவந்தார்கள். 1991-இல் தனிநாடானதும், தங்கள் நாடு எந்தப் பேரரசின் வட்டாரமும் அல்ல என்று உக்ரைனியர்கள் அதை மறுத்தார்கள். உக்ரைனிய மொழியில் ஆர்ட்டிகிளே கிடையாது என்பது இதில் வேடிக்கை.

வேடிக்கை இல்லாத வழக்கு ஒன்று உண்டு. 1967 ஜூன் போரில் இஸ்ரேல் சினாய், காசா, மேற்குக்கரை, கிழக்கு ஜெருசலேம், கோலன் ஆகியவற்றைக் கைப்பற்றியது. நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 242-ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. வரைவைக் கொண்டுவந்தவர் பிரிட்டனின் பிரதிநிதி கேரடன் பிரபு. அண்மைப் போரில் ஆக்கிரமித்த 'பகுதிகளிலிருந்து' இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்கிறது தீர்மானம். ஆங்கில வாசகத்தில் 'பகுதிகள்' என்பதற்கு முன் 'தி' இல்லை. 'தி' இருந்தால் ஆக்கிரமித்த பகுதிகள் அனைத்தும் என்று பொருள். இல்லாததால் சில பகுதிகள் என்றும் படிக்கலாம். இஸ்ரேல் அப்படியே படித்தது. பிரெஞ்சு வாசகத்திலோ ஆர்ட்டிகிள் இருக்கிறது, 'அந்தப் பகுதிகளிலிருந்து' என்றே அதை வாசிக்கலாம். அரபு நாடுகள் அதைக் காட்டின. போரினால் நிலம் சேர்ப்பது ஏற்கத்தக்கதல்ல என்று தீர்மானத்தின் முகப்புரையே சொல்வதையும் அவை சுட்டிக்காட்டின. ஆர்ட்டிகிள் இல்லாத ரஷ்ய மொழியில் இந்த வாதத்தைத் தொடங்கவே முடியாது. வேண்டுமென்றேதான் அந்தச் சொல் விடப்பட்டது. அதைச் சேர்த்திருந்தால் ஒருமனதான வாக்கு கிடைத்திருக்காது. மூன்று எழுத்தை விட்டதனால் ஓர் ஒப்புதல் கிடைத்தது, அதே காரணத்தால் அரை நூற்றாண்டு தாண்டியும் வாதம் முடியவில்லை.

தமிழில்

தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை. அதனால் 'தி' செய்கிற வேலை நடக்கவில்லை என்று பொருளல்ல. வேறு ஆட்கள் செய்கிறார்கள். முக்கியமான ஆள் இரண்டாம் வேற்றுமை உருபு. 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் நாம் பேசிக்கொண்டிருந்த புத்தகம். பெண் பார்க்கப் போகிறவர்களுக்கும் பெண்ணைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் உள்ள வேறுபாடு எந்தத் தமிழருக்கும் விளக்காமலே தெரியும். முதல் கூட்டம் காப்பியும் சொஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு வரும்; இரண்டாவது கூட்டத்துக்கு இன்ன பெண் என்று முன்பே தெரியும். சொல் வரிசையும் உதவுகிறது. 'வாசலில் மாடு நிற்கிறது' என்றால் ஏதோ மாடு வந்திருக்கிறது. 'மாடு வாசலில் நிற்கிறது' என்றால் நம் வீட்டு மாடு, தேடிக்கொண்டிருந்த மாடு. ஆங்கிலம் படிக்கிற தமிழ் மாணவர் 'தி' எங்கே போடுவது என்று தடுமாறும்போது, வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்து 'ஐ' வருகிறதா என்று கவனித்தால் பாதி இடங்களில் விடை கிடைத்துவிடும். உயர்திணைக்கு மட்டும் இந்தச் சோதனை எப்போதும் பலிக்காது; தெரியாத ஆளானாலும் பெரும்பாலும் 'ஒருவரைப் பார்த்தேன்' என்றுதான் சொல்கிறோம்.

'தி' தமிழுக்குள் நேராக நுழைந்தும் இருக்கிறது. 1878-இல் சென்னையில் தொடங்கிய 'தி ஹிந்து' குழுமம் 2013-இல் தமிழ் நாளிதழ் கொண்டுவந்தபோது 'தி இந்து' என்றே பெயர் வைத்தது. பின்னர் அது 'இந்து தமிழ் திசை' ஆயிற்று. ஒலிப்பு விதிப்படி ஆங்கிலப் பெயரில் ஹகரத்துக்கு முன்னால் 'த' என்றுதான் வர வேண்டும். தமிழில் ஹகரம் போய் இகரம் வந்துவிட்டதால், 'தி' என்று எழுதியது கணக்காகப் பொருந்திவிட்டது. மற்றபடி தமிழ் எழுத்தில் தனித்து நிற்கும் 'தி' எப்போதும் ஆங்கிலம் என்றில்லை. புள்ளி வைத்தால் அது தியாகராயராகவோ திராவிடமாகவோ இருக்கும்.

சொந்தம் கொண்டாடியவர்கள்

நூலகங்கள் தலைப்புகளை அகரவரிசைப்படுத்தும்போது 'தி'யை ஒதுக்கிவிடுகின்றன. இல்லாவிட்டால் பாதி நூல்கள் ஒரே பெட்டிக்குள் விழும். தேடுபொறிகளின் முன்னோடி நிரல்கள் இதைப் பயனற்ற சொற்கள் பட்டியலில் வைத்தன. மேட் ஜான்சன் 1979-இல் தொடங்கிய பிரிட்டிஷ் இசைக்குழுவின் பெயர் 'தி தி'. நூலகருக்கும் நிரலாளருக்கும் இது நல்ல சோதனை.

எல்லாரும் ஒதுக்கும் இந்தச் சொல்லுக்கு வணிகச் சின்ன உரிமை கேட்டு ஓஹையோ அரசுப் பல்கலைக்கழகம் 2019 ஆகஸ்டில் விண்ணப்பித்தது. தங்கள் பெயரில் 'தி'யை அழுத்திச் சொல்வது அங்கே படித்தவர்களின் பெருமை. முதலில் மறுப்பு வந்தது. மார்க் ஜேக்கப்ஸ் ஆடை நிறுவனம் சில மாதம் முன்பே இதே சொல்லுக்கு விண்ணப்பித்திருந்தது. இருவரும் சமரசமானபின் 2022 ஜூனில் பல்கலைக்கழகத்துக்குப் பதிவு கிடைத்தது. உரிமை தொப்பி, சட்டை போன்ற ஆடைகளில் அச்சிடுவதற்கு மட்டும்.

குறையும் எண்ணிக்கை

எழுத்தில் 'தி' அதிகம், பேச்சில் குறைவு. 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியத் திரட்டில், எழுத்துப் பகுதியில் நூற்றுக்கு ஆறுக்கு மேல்; பேச்சுப் பகுதியில் நான்கைச் சுற்றி. பேச்சில் 'நான்', 'நீ', 'அது' என்ற பதிலிப் பெயர்கள் நிறைய, அவற்றுக்கு ஆர்ட்டிகிள் வேண்டாம். 1961-ஐச் சேர்ந்த திரட்டுகளையும் அதே முறையில் 1990-களின் தொடக்கத்தில் தொகுத்தவற்றையும் ஒப்பிட்டவர்கள், எழுத்திலும் 'தி' குறைந்துவருவதைக் கண்டார்கள். எழுத்துநடை பேச்சை நெருங்குவது ஒரு காரணம். 'வீட்டின் கூரை' என்பதை 'ஆஃப்' போட்டுச் சொன்னால் இரண்டு 'தி' வேண்டும். பெயருக்குப் பின் ஸகரம் ஒட்டிச் சொன்னால் ஒன்று போதும், அந்த வழக்கம் கூடியிருப்பது இன்னொரு காரணம். பெயரோடு பெயரை அடுக்கும் நாளிதழ் நடையும் சேர்ந்துகொண்டது. கிரீன்பர்க்கின் சுழற்சி சரியென்றால் ஆர்ட்டிகிள் மேலும் மேலும் பரவ வேண்டும். ஆங்கிலத்தில் எண்ணிக்கை இறங்குமுகமாக இருக்கிறது. ஆனால் இறங்கியிருப்பது நடைமாற்றத்தால் வந்த எண்ணிக்கைதான். 'தி' கட்டாயமாக வர வேண்டிய இடங்கள் எதுவும் இன்னும் அதைக் கைவிட்டதாகத் தெரியவில்லை.